திரையில் மயில்கழுத்து, தாளில் வெறும் நீலம்: அச்சு நிறக் கோளாறை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு முகூர்த்தம். பெண்ணுக்குச் சிறுமுகை மென்பட்டு, மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. ஆல்பம் கொடுத்த மூன்றாம் நாள் பெண்ணின் அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். ஆல்பத்தோடு சேலையையும் ஒரு பையில் எடுத்து வந்திருந்தார். இரண்டையும் மேசைமேல் அருகருகே விரித்து வைத்து, "தம்பி, படமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதுங்க. ஆனால் இது எங்கள் சேலை இல்லைங்களே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் எனக்கு அது இன்னும் உறைத்தது. முந்தின வாரம்தான் கலரிமீட்டர் (திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கருவி) வைத்துத் திரையைக் கேலிபரேட் செய்திருந்தேன், அதாவது நிறம் சரியாகத் தெரியும்படி அமைத்திருந்தேன். என் திரையில் சேலை மயில்கழுத்தாகவே தெரிந்தது. தாளில் சாதாரண நீலம்.

அன்று நான் செய்தது தவறான வேலை. ஃபோட்டோஷாப்பில் படத்தைத் திறந்து, நீலத்தில் பச்சையைக் கூட்டி, கொஞ்சம் வெளிச்சமும் ஏற்றி, படம் அச்சிடும் லேபுக்கு மறுபடி அனுப்பினேன். சேலை சற்று நெருங்கி வந்தது, பெண்ணின் முகம் வெளிறிப்போனது. முகத்தைச் சரிசெய்தேன், கரை மாறியது. மூன்று முறை தாள் வீணானது. கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், கோளாறே இல்லாத படத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான் விடாமல் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இதுதான்: கோளாறு இருக்கும் இடம் தெரியும்வரை படத்தைத் தொடுவதில்லை. இடங்கள் நான்கே. தாளை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பது ஒன்று. திரை இன்னொன்று. திரையிலிருந்து அச்சுக்குப் போகும் கோப்பு மூன்றாவது. அச்சு இயந்திரமும் தாளும் சேர்ந்து நான்காவது. இந்த நான்கில் எது என்பதை அறிகுறியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஒரு சாட்சித் தாள்

எந்த அறிகுறியானாலும் கையில் ஒரு சாட்சித் தாள் வேண்டும். ஒரே படத்தில் சில பொருள்களைச் சேர்த்து நானே தயாரித்து வைத்திருக்கிறேன். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் சாம்பல் பட்டை, நிழலில் எடுத்த ஒரு முகம், முறத்தில் பரப்பிய விரலி மஞ்சள், அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை நிறங்களில் துணித் துண்டுகள், பிறகு ஒரு காங்கேயம் மயிலைக் காளை. காளையை ஆசைக்காகச் சேர்க்கவில்லை. அதன் உடல் சாம்பல் வெண்மை, திமிலும் கழுத்தும் கருத்துப் போகும். மெல்லிய சாம்பல் முதல் கரும்சாம்பல் வரை ஒரே உடம்பில் இருக்கிறது. அதில் கொஞ்சம் பச்சையோ சிவப்போ ஏறினால், காளை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு உடனே பிடிபடும்.

இந்தப் படத்தை லேபில் கொடுக்கும்போது, "கரெக்‌ஷன் எதுவும் போட வேண்டாம், அப்படியே போடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொந்த அச்சு இயந்திரம் இருந்தால் அதிலும் ஒன்று. நன்றாக வந்த தாளை உறையில் போட்டு வெயில் படாமல் வைத்துவிடுங்கள், தேதியைப் பின்புறம் எழுதி. அடுத்த முறை எது மாறியது என்பதை நினைவை நம்பாமல் இதை வைத்துச் சொல்ல முடியும். நிறத்தை நினைவு வைத்துக்கொள்வதில் நம் கண்ணைப் போல நம்பிக்கைத் துரோகி வேறு கிடையாது.

"தாளில் எல்லாமே இருட்டாக இருக்கிறது"

நான் கேட்கும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். நிறம் சரி, முகமும் சரி, மொத்தத்தில் ஒரு போர்வை போட்டாற்போல் இருட்டு. பெரும்பாலும் கோளாறு தாளில் இல்லை, திரையின் வெளிச்ச அளவில் இருக்கிறது. கேலிபரேட் செய்த திரையிலும் இது நடக்கும். கலரிமீட்டரிடம் நாம் என்ன அளவு கேட்டோமோ அதைத்தான் அது கொடுக்கும். 200 கேண்டெலா (சதுர மீட்டருக்கு இத்தனை என்று சொல்லும் ஒளிர்வு அளவு) கேட்டால் மிகத் துல்லியமாக 200 கொடுத்துவிடும்.

திரை தானே ஒளிர்கிறது. தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித்தான் அனுப்பும். எவ்வளவு திருப்பும் என்று எளிதாகக் கணக்கிடலாம். மேசைமேல் விழும் வெளிச்சத்தை லக்ஸில் எடுத்து, 0.9 ஆல் பெருக்கி, 3.14 ஆல் வகுத்தால், வெள்ளைத் தாள் ஏறக்குறைய எத்தனை கேண்டெலா ஒளிர்கிறது என்பது கிடைக்கும். மேசையில் 500 லக்ஸ் விழுந்தால் தாள் சுமார் 143. 300 லக்ஸ் என்றால் 86. ஒற்றை ட்யூப்லைட் தூரத்தில் எரியும் அறையில் 100 லக்ஸ்தான் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தாள் வெறும் 29. பக்கத்தில் திரை 120இல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். நான்கு மடங்கு வித்தியாசம், நம் தொழில் கணக்கில் முழுசாக இரண்டு ஸ்டாப் (வெளிச்சம் ஒரு முறை இரட்டித்தால் ஒரு ஸ்டாப்). அந்தத் தாள் இருட்டாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

ஆகவே சோதனை சுலபம். அதே தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். நேர் வெயில் வேண்டாம், திண்ணை நிழல் போதும். அங்கே படம் உயிரோடு தெரிந்தால் அச்சில் குறையில்லை. அங்கேயும் நிழல்களெல்லாம் கரிக்கட்டையாக அடைத்துக்கொண்டிருந்தால் மட்டும் கோப்பையும் அச்சையும் சந்தேகியுங்கள்.

திருத்தம்: வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, அச்சிடாத வெள்ளைத் தாளைப் பக்கத்தில், நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் விளக்கின்கீழ் பிடியுங்கள். இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறைக்க வேண்டும், அல்லது விளக்கைக் கூட்ட வேண்டும். அச்சுக்காக வேலை செய்யும் திரைக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை எங்கோ ஓரிடத்தில் இது வந்து நிற்கும். எனக்கு 95. அந்த எண்ணைக் கலரிமீட்டர் மென்பொருளில் இலக்காகக் கொடுத்து மறுபடி கேலிபரேட் செய்துகொள்ளுங்கள். கடையிலிருந்து வரும் திரைகள் பல 250க்கு மேல் ஒளிரும். அவற்றிலிருந்து 95க்கு இறங்கும்போது முதல் இரண்டு நாள் திரை செத்துப்போனதுபோல் இருக்கும். மூன்றாம் நாள் கண் பழகிவிடும்.

வெளிச்சம் பொருந்திய பிறகும் மாப்பிள்ளையின் கருநீலக் கோட்டிலும் பெண்ணின் கூந்தலிலும் மட்டும் விவரம் காணவில்லையா? அது வேறு விஷயம். நல்ல பளபளப்புத் தாளில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 200க்கு 1. மேட் (பளபளப்பில்லாத) தாளில் 40, 50தான். திரையிலோ 1000க்கு 1. அந்த இடைவெளியில் நிழல் விவரம் தொலைகிறது. படம் முழுவதையும் வெளிச்சமாக்காமல், நிழல் பகுதியை மட்டும் சற்றுத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு திருத்தம் படத்தில் செய்ய வேண்டியதே.

"படம் முழுக்க ஒரே நிறம் அடிக்கிறது"

'மெஜந்தா (அடர் இளஞ்சிவப்பு) அடிக்கிறது', 'பச்சை அடிக்கிறது' என்று நாம் சொல்லும் கோளாறு. இதில் முதலில் பார்க்க வேண்டியது படம் அச்சாகாத இடம், அதாவது தாளின் வெள்ளை ஓரம். ஓரமும் சேர்ந்து மஞ்சளாகத் தெரிந்தால் மையில் பிழை இல்லை. திரையின் வெண்மை 6500 கெல்வினில் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம்) இருக்கும், உங்கள் விளக்கு அதைவிட மஞ்சளாக எரியும், அவ்வளவுதான். அச்சுத் தொழிலில் படம் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3664 தரம் 5000 கெல்வின் ஒளியைக் கேட்கிறது, நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ். நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் 6500 கெல்வின். உங்கள் விளக்கு எதுவோ அதற்கு ஏற்பத் திரையின் வெண்மையை 5500, 5800 என்று நகர்த்தி, வெள்ளைத் தாளோடு பொருத்திக்கொள்ளலாம்.

ஓரம் வெள்ளையாகவே இருந்து படத்தில் மட்டும் நிறம் ஏறியிருந்தால் சாம்பல் பட்டையைப் பாருங்கள். சொந்த அச்சு இயந்திரத்தில் போட்ட படம் திடீரென்று மெஜந்தாவாகவும் கருமையாகவும் வந்தால், நான் எடுத்தவுடன் சந்தேகிப்பது இரட்டை நிர்வாகத்தை. ஃபோட்டோஷாப் ஒரு முறை நிறத்தைத் தாளுக்கேற்ப மாற்றி அனுப்புகிறது, அச்சு இயந்திரத்தின் டிரைவர் (கணினியிலிருந்து அதை இயக்கும் மென்பொருள்) அதை வாங்கி இன்னொரு முறை மாற்றுகிறது. ஒரே குழம்புக்கு இருவர் உப்புப் போட்ட கதை. ஃபோட்டோஷாப் நிறத்தை நிர்வகிக்கும் என்று தேர்ந்தெடுத்தால், டிரைவரில் கலர் அட்ஜஸ்ட்மெண்ட்டை முழுதாக அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகும், டிரைவரைப் புதுப்பித்தாலோ தாள் வகையை மாற்றினாலோ அது சத்தமில்லாமல் மறுபடி இயங்கத் தொடங்கியிருக்கலாம். அதனால் இதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அடுத்து, தாள் வகை. டிரைவரில் 'மேட்' என்று இருக்க, தட்டில் பளபளப்புத் தாள் இருந்தால் மை அளவே தப்பிவிடும். எந்த புரொஃபைலாலும் (நிற எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் குறிப்பு) அதைக் காப்பாற்ற முடியாது. மாற்று மை ஊற்றுகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். இயந்திரத்தோடு வந்த ஐசிசி புரொஃபைல், அந்த நிறுவனத்தின் மைக்கும் தாளுக்கும் எழுதப்பட்டது. மை மாறினால் அந்தப் புரொஃபைல் வேறு யாருக்கோ எழுதிய மருந்துச்சீட்டு. உங்கள் மைக்கும் தாளுக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற நிற அளவைக் கருவி வைத்துத் தனிப் புரொஃபைல் செய்துகொள்ளாமல், மெஜந்தாவை இரண்டு புள்ளி குறைத்து, பச்சையை மூன்று புள்ளி கூட்டி ஓட்டுவது முடிவில்லாத வேலை.

இவையெல்லாம் சரியாக இருந்து, நேற்றுவரை நன்றாக வந்தது இன்று மட்டும் மாறினால் நாசில் (மை தெளிக்கும் நுண்துளை) அடைத்திருக்கும். நாசில் செக் ஒன்று போட்டால் கோடுகளில் இடைவெளி தெரியும். எந்த மை குறைகிறதோ அதற்கு எதிர் நிறம் படத்தில் ஏறும்: சயான் (நீலப்பச்சை) குறைந்தால் சிவப்பு, மெஜந்தா குறைந்தால் பச்சை, மஞ்சள் குறைந்தால் நீலம். மழைக்காலத்தைவிட வறண்ட கோடையில், இயந்திரத்தை ஒரு வாரம் ஓட்டாமல் விட்டால், என்னிடம் இது அதிகம் நடக்கிறது. மேலும், அச்சிட்டு வெளியே வந்த சூட்டில் நிறத்துக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். டை மையில் போட்ட படம் காய்ந்து நிலைக்க ஓர் இரவாவது கொடுங்கள்.

"மஞ்சள் பூசிய முகம் நீலமாகிறது, வயல் படத்தில் முகம் சிவக்கிறது"

லேபுக்குக் கொடுக்கும் நம் ஊர்ப் படங்களில் இந்தக் கோளாறை அடிக்கடி காணலாம். சொந்த இயந்திரத்தில் வராது.

லேபின் இயந்திரம் கோப்பைத் திறந்ததும், படத்தின் நிறங்களையெல்லாம் கூட்டிச் சராசரி பார்க்கும். சராசரி சாம்பலாக இருக்க வேண்டும் என்பது அதன் எண்ணம். ஏதாவது ஒரு நிறம் மிகுந்திருந்தால், விளக்கு வெளிச்சத்தால் ஏறிய பிழை என்று நினைத்து எதிர் நிறத்தைச் சேர்க்கும். ஊர் ஊராகப் பார்த்தால் இந்த எண்ணம் எங்கே இடறும் என்று நமக்குத் தெரியும். நலங்கில் மஞ்சள் பூசிய முகம், மஞ்சள் சேலை, பின்னால் சாமந்தி மாலை. இயந்திரத்தின் கணக்கில் இது படமே அல்ல, மஞ்சள் கோளாறு. நீலத்தைக் கொட்டுகிறது. மங்கலமாக இருக்க வேண்டிய முகம் காய்ச்சல்காரர் முகமாகிறது. ஈரோட்டில் மஞ்சள் காயப்போட்ட களத்தில் நின்று எடுத்த படமும் அப்படியே. கோபியின் நெல்வயலில் எடுத்த ஜோடிப் படத்தில் பச்சை மிகுதி, அதற்கு மெஜந்தாவைச் சேர்க்கிறது, முகம் சிவந்துபோகிறது.

அறிகுறியால் இதைப் பிரித்தறியலாம். ஒரே ஆர்டரில் வந்த படங்களில், மண்டபத்துக்குள் எடுத்தவை சரியாக இருந்து, ஒரு நிறம் நிறைந்த படங்கள் மட்டும் அதன் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் தானியங்கித் திருத்தமே காரணம். உங்கள் சாட்சித் தாள் அதே நாளில் அதே இயந்திரத்தில் சரியாக வந்திருந்தால் ஐயமே வேண்டாம். லேபில் உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் சண்டை போடுவதில் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ ஸ்டுடியோக்களின் படங்கள் அவர் கைவழியே போகின்றன, பாதிப் பேர் திருத்தாமலேதான் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு அந்தத் தானியங்கி வேண்டும். "அண்ணா, என் கோப்புகளுக்கு மட்டும் ஆட்டோ கரெக்‌ஷனை எடுத்துவிடுங்க" என்று சொல்லி, ஆர்டர் சீட்டிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் கோப்புறையின் பெயரிலேயே 'திருத்த வேண்டாம்' என்று சேர்த்துவிடுகிறேன். ஆள் மாறினாலும் அந்தப் பெயர் கண்ணில் படும்.

தென்னந்தோப்பில் எடுத்த படத்தில் முகம் பச்சையாக இருந்தால் அது வேறு. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் ஓலை வழியாக இறங்கும் ஒளியே பச்சை. திரையிலும் அப்படித்தான் இருக்கும். திரையிலும் தாளிலும் ஒன்றுபோல் இருப்பது பொருத்தக் கோளாறு ஆகாது.

"நிறமெல்லாம் செத்து, சோறு வடித்த தண்ணீர்போல் இருக்கிறது"

குங்குமம் செங்கல் நிறமாகிறது, பச்சை வாடுகிறது, முகத்தில் ரத்த ஓட்டமே இல்லை. இருட்டும் இல்லை, ஒரு பக்கச் சாய்வும் இல்லை. இப்படி வந்தால் கோப்பின் கலர் ஸ்பேஸை, அதாவது நிறங்களை எண்ணாக எழுதும் அளவுகோலைப் பாருங்கள். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த கலர் ஸ்பேஸ் வைத்து எடுத்து, அப்படியே லேபுக்கு அனுப்பியிருப்பீர்கள். பல லேபுகளின் இயந்திரம் வருவது எல்லாமே எஸ்ஆர்ஜிபி என்ற சிறிய கலர் ஸ்பேஸ் என்றே எடுத்துக்கொள்ளும். கோப்புக்குள் இருக்கும் புரொஃபைலைப் படிக்காது.

எண்ணை வைத்துப் பார்த்தால் விளங்கும். எஸ்ஆர்ஜிபியில் 255 என்ற முழுச் சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் எழுதப்படும்போது 219. நிறம் ஒன்றே, எழுதும் அளவுகோல் வேறு. புரொஃபைலைப் படிக்காத இயந்திரம் அந்த 219ஐத் தன் அளவுகோலில் 219 என்று எடுத்துக்கொள்கிறது. சிவப்பு அங்கேயே மங்கிவிட்டது.

இதைத் திருத்தப் போகும்போது பலரும் விழும் ஒரு குழி உண்டு. ஃபோட்டோஷாப்பில் 'அசைன்', 'கன்வர்ட்' என்று இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. அசைன் என்பது மூட்டைமேல் ஒட்டிய சீட்டைக் கிழித்து வேறு சீட்டு ஒட்டுவது. உள்ளே இருக்கும் சரக்கு மாறாது, நிறம்தான் தப்பும். கன்வர்ட் என்பது சரக்கையே புதிய அளவுக்கு அளந்து போட்டு, அதற்குரிய சீட்டை ஒட்டுவது. லேபுக்கு அனுப்பும்முன் நமக்கு வேண்டியது கன்வர்ட், எஸ்ஆர்ஜிபிக்கு. லேப் தன் புரொஃபைலைக் கொடுத்து அதில் கேட்டால் மட்டும் அதற்கு.

கலர் ஸ்பேஸும் சரியாக இருந்தால் லேமினேஷனைப் பாருங்கள். மேட் லேமினேஷன் போட்ட ஆல்பத் தாளில் கறுப்பு சாம்பலாகிவிடும், நிறத்தின் அடர்த்தியும் இறங்கும். லேமினேஷனுக்கு முன்னால் ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"வாசலில் சரி, வீட்டுக்குள் தவறு"

ஒரே தாள், வாசலில் பொருந்துகிறது, கூடத்து விளக்கின்கீழ் காளை பச்சையாகிறது. திரையையோ கோப்பையோ தொட வேண்டாம். இரண்டு வேறு மைக் கலவைகள், இரண்டு வேறு சாயங்கள், ஒரு விளக்கின்கீழ் ஒன்றுபோலத் தோன்றி, இன்னொன்றின்கீழ் பிரிந்துபோவதை மெட்டாமெரிசம் என்கிறார்கள். துணிக்கடையில் ரவிக்கைத் துணியைச் சேலையோடு பொருத்திப் பார்க்க நம் பெண்கள் வாசலுக்கு எடுத்துப் போவார்கள் இல்லையா, அதே விஷயம். வெள்ளை எல்இடியின் ஒளியில் சில அலைநீளங்கள் மெலிந்திருக்கும், அவற்றை நம்பியிருந்த நிறம் அங்கே சாய்கிறது.

தாளும் இதில் பங்கு வகிக்கும். பளிச்சென்று வெண்மை காட்டுவதற்காகப் பல தாள்களில் ஒளியூட்டும் வேதிப்பொருள் சேர்ப்பார்கள். பகல் ஒளியில் உள்ள புறஊதாக் கதிர் பட்டு அது நீலமாக ஒளிர்கிறது. எல்இடியில் புறஊதா அநேகமாக இல்லாததால் அதே தாள் கொஞ்சம் மஞ்சளாகிவிடும்.

செய்யக்கூடியது: ஒப்பிடுவதற்கு ஒரே ஒரு விளக்கை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற மதிப்பெண்) 90க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். பெரிய சுவர்ப்படம் போடுவதானால், அது எந்தச் சுவரில், எந்த விளக்கின்கீழ் மாட்டப்படும் என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, சிறு மாதிரி ஒன்றை அங்கேயே வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. என் ஸ்டுடியோச் சுவரும் முதலில் இளம்பச்சையாக இருந்தது. அந்தப் பச்சை மேசைமேல் விழுந்து, நான் முகங்களில் மெஜந்தாவை ஏற்றிக்கொண்டே இருந்தேன் என்பது சாம்பல் வண்ணம் அடித்த பிறகே தெரிந்தது.

"போன மாதம் சரியாக வந்தது, அதே கோப்பு இப்போது வேறு"

உறையில் வைத்த சாட்சித் தாளை எடுங்கள். புதிதாக ஒன்று போடச் சொல்லி இரண்டையும் அருகே வையுங்கள். வித்தியாசம் தெரிந்தால் லேப்தான் நகர்ந்திருக்கிறது.

வெள்ளி உப்புத் தாளில் ரசாயனத்தில் கழுவி எடுக்கும் லேபானால், வேலை குறைந்த காலத்தில் இது நடக்கலாம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியிலும் இல்லை. தாள் ஓடாதபோது டெவலப்பருக்குப் புது ரசாயனம் சேராது. தொட்டியில் இருப்பது காற்றோடு கலந்து சத்து இழக்கும். அதனால்தான் ஆவணியின் முதல் முகூர்த்த ஆல்பத்தை உடனே மொத்தமாகக் கொடுக்காமல், முதலில் சாட்சித் தாளை மட்டும் போட்டுப் பார்க்கிறேன். ஒரு ஆல்பத்தின் தாள்கள் எல்லாம் ஒரே நாளில், ஒரே ரோலில் போகட்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மை தெளிக்கும் டிரை லேபில் இந்த ரசாயனச் சிக்கல் இல்லை.

"திரையே இரண்டு விதமாகக் காட்டுகிறது"

லைட்ரூமில் ஒரு நிறம், வேறு மென்பொருளில் இன்னொரு நிறம். விரிந்த நிற எல்லை கொண்ட திரையில், புரொஃபைலை மதிக்காத மென்பொருள் படத்தைச் சாயம் முக்கியதுபோல் அடர்த்தியாகக் காட்டும். நிறத்தை முடிவு செய்ய லைட்ரூம், ஃபோட்டோஷாப் போன்றவற்றை மட்டும் நம்புங்கள். எல்லா மென்பொருளிலும் சேர்ந்தே மாறியிருந்தால், விண்டோஸின் நைட் லைட் இரவில் தானாக எரிந்து திரையை மஞ்சளாக்கியிருக்கும், அல்லது கணினி தூங்கி எழுந்தபோது கேலிபரேஷன் ஏறாமல் விட்டிருக்கும். திரையின் தானியங்கி வெளிச்சம், டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். திரையைப் போட்டு அரை மணி நேரம் கழித்தே கலரிமீட்டரை வைக்க வேண்டும். மென்பொருளில் உங்கள் திரையின் பின்னொளி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் அளவீடே தவறாகும்.

"எல்லாம் சரி, ஒரே ஒரு நிறம் மட்டும் வரவில்லை"

மயில்கழுத்துக்கு வருகிறேன். முகம் சரி, வெள்ளை வேட்டி சரி, சாம்பல் பட்டை சரி, ஒரு சேலை மட்டும் வேறு. இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்: அந்த நிறம் நிற எல்லைக்கு வெளியே இருக்கிறது.

ஒவ்வொரு தாளும் மையும் காட்டக்கூடிய நிறங்களுக்கு ஒரு வேலி உண்டு. திரையில் தெறிக்கும் கருநீலமும் கிளிப்பச்சையும் வேலிக்கு வெளியே நிற்கும். முழு நீலத்தைத் தாளில் கேட்டால் கத்தரிப்பூ நிறமாகவோ மங்கிய நீலமாகவோ வந்து சேரும். வாடாமல்லியும் ராணிக் கலரும் கூட அடிக்கடி தவறும். இதை அச்சிடும் முன்பே பார்க்க வழியிருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் ப்ரூஃப் செட்டப் போய், தாளின் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, கேமட் வார்னிங்கைப் போட்டால் வராத நிறங்கள் சாம்பலாக மறையும். ரெண்டரிங் இன்டென்ட்டில் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பெர்செப்ச்சுவல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முதலாவது வேலிக்கு உள்ளே இருப்பதைத் தொடாமல், வெளியே நிற்பதை மட்டும் வேலியோரம் கொண்டுவந்து நிறுத்தும். இரண்டாவது எல்லாவற்றையும் சேர்த்து அளவோடு உள்ளே இழுக்கும். மடிப்பு மடிப்பாகப் பட்டு நிறைந்த படத்துக்குப் பெர்செப்ச்சுவல் நன்றாக வரும், ஏனென்றால் மடிப்புகளின் ஏற்ற இறக்கம் காப்பாற்றப்படும். மண்டபத்துக் குழுப் படத்துக்கு முதலாவதே போதும்.

என் விஷயத்தில் வேலி லேபில்கூட இல்லை, நானே போட்டது. என் திரை விரிந்த நிற எல்லை கொண்டது. லைட்ரூமில் ரா கோப்பை (கேமரா பதிந்த மூலக் கோப்பு) அதில்தான் பார்த்தேன், மயில்கழுத்து முழுமையாகத் தெரிந்தது. லேபுக்காக எஸ்ஆர்ஜிபியாக மாற்றியபோது, நீலப்பச்சை அந்தச் சிறிய எல்லைக்குள் அடங்கவில்லை. மாற்றிய கோப்பில் சேலைமேல் கர்சரை வைத்தால் சிவப்பு எண் பூஜ்யத்தில் முட்டி நின்றது, மடிப்புக்கு மடிப்பு அதே பூஜ்யம். அந்தக் கோப்பை நான் திறந்தே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திரையிலும் சேலை மங்கித்தான் தெரிந்திருக்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. மயில்கழுத்து ஒரே நிறம் அன்று. பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொரு நிறம், சேலை அசையும்போது கண்ணுக்கு இரண்டும் மாறி மாறித் தெரியும். கேமராவுக்கு நேர் மேலே வைத்த ஃபிளாஷ் ஒரே கோணத்தில் அடித்து, இரண்டில் ஒன்றை மட்டும் பதிய வைத்துவிட்டது. அந்த அம்மா சேலையை மேசைமேல் விரித்தபோது, ஜன்னல் பக்கத்து மடிப்பில் பச்சையும் என் பக்கத்து மடிப்பில் நீலமும் தெரிந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

ரா கோப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். பக்கவாட்டு ஒளியில் எடுத்திருந்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அடோபி ஆர்ஜிபியிலேயே 16 பிட்டில் வைத்து, என் சொந்த இயந்திரத்தில், அந்தத் தாளுக்கான புரொஃபைலோடு, பெர்செப்ச்சுவலில் 12க்கு 18 அங்குலத்தில் போட்டேன். மை தெளிக்கும் இயந்திரங்கள் பல, எஸ்ஆர்ஜிபி காட்டாத நீலப்பச்சையில் ஒரு பகுதியைத் தாளில் கொண்டுவரும். மறுநாள் காய்ந்த பிறகு அந்த அம்மாவை வரச் சொன்னேன். படத்தையும் சேலையையும் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தார். மடிப்பின் மேட்டில் பச்சை, பள்ளத்தில் நீலம். மிகப் பளிச்சென்ற ஓரிடத்தில் மட்டும் தாள் சேலையைவிட ஒரு படி தணிந்திருந்தது. அதை நானே காட்டினேன். "அது பரவாயில்லைங்க, இது எங்கள் சேலைதான்" என்றார்.

இப்போதெல்லாம் முகூர்த்தத்துக்கு முந்தின மாலை, பெண் வீட்டாரிடம் கேட்டு, சேலையை ஜன்னலோரம் கட்டில்மேல் விரித்து, மேலே ஒரு சாம்பல் அட்டையை வைத்து, இரண்டு கோணங்களில் இரண்டு படம் எடுத்துக்கொள்கிறேன். ஃபிளாஷ் போடுவதில்லை. ஐந்து நிமிட வேலை. ஆல்பம் வடிவமைக்கும்போது அந்த இரண்டு படங்களும் திரையின் ஓரத்தில் திறந்தே இருக்கும்.